காயலான் கடை இரும்பும் ஒத்தோஜேன் பட்டறையும்

'சுதூர் ஒத்தோஜேன்' என்று பிரெஞ்சில் ஒரு சொல் உண்டு. புதுச்சேரியில் என் வயதைத் தாண்டியவர்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். பிற்பாடு நாம் கேஸ் வெல்டிங் என்று சொல்லப் பழகியதற்கு பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர் அது. ஒத்தோஜேன் என்றால் தானாகவே பிறந்தது என்று அர்த்தம், கிரேக்க மொழியிலிருந்து வந்தது. வேறு பசையோ ஈயமோ ஆணியோ இல்லாமல் இரும்பு தன்னைத்தானே உருக்கிக்கொண்டு ஒட்டுகிறது என்பதால் அந்தப் பெயர். ஆங்கிலச் சொல்லைவிட இது அழகு என்பது என் கட்சி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் வேறு எப்படிச் சொல்வான் என்று நீங்கள் சிரிக்கலாம்.

என் தாய்மாமா ஒருவர் கடைசிக் காலம் வரை இந்தச் சொல்லைத்தான் சொன்னார். ரோடியர் மில்லில் பிட்டராக இருந்து, அங்கேயே டார்ச் பிடிக்கப் பழகி, 1961இல் வெளியே வந்து முதலியார்பேட்டையில் சொந்தப் பட்டறை போட்டவர். போர்டில் தமிழில் 'வெல்டிங் வேலைகள் செய்யப்படும்' என்று எழுதியிருந்தது. வாயில் மட்டும் ஒத்தோஜேன். பழைய இரும்பை வைத்து வண்டிகளும் டிரெய்லர்களும் கட்டியவர்களைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர் ஒருவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதை எழுத வேண்டுமானால் இந்தச் சொல் வந்த வழியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு முன்னால் இரும்பை ஒட்டவைக்க இரண்டே வழி. ஒன்று, கொல்லன் உலையில் இரண்டு துண்டையும் வெள்ளையாகக் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சம்மட்டியால் அடிப்பது. மற்றது, துளை போட்டு ரிவிட் அடிப்பது. இரண்டுமே பெரிய வேலை. உலை இருக்கும் இடத்துக்கு இரும்பு போக வேண்டும். உடைந்தது வண்டியின் அடிச்சட்டமானால் வண்டியையே கழற்ற வேண்டும்.

1892இல் அமெரிக்காவில் தாமஸ் வில்சன் என்பவர் வேறு எதையோ தேடி மின் உலையில் சுண்ணாம்பையும் கரியையும் சேர்த்துக் காய்ச்சினார். கிடைத்தது கால்சியம் கார்பைடு. ஏறக்குறைய அதே சமயத்தில் பாரிஸில் ஹென்றி முவாசானும் தம்முடைய மின் உலையில் அதைக் கண்டார். அவருக்கு 1906இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கல்லில் தண்ணீர் பட்டால் அசெட்டிலின் வாயு பொங்கும். அந்த வாயுவுக்கு 1860லேயே அசெத்திலேன் என்று பெயர் வைத்தவர் பெர்த்தெலோ, அவரும் பிரெஞ்சுக்காரர்தான். 1895இல் லெ ஷாதெலியே என்ற இன்னொருவர், அசெட்டிலினும் ஆக்சிஜனும் சேர்ந்து எரிந்தால் 3,000 டிகிரிக்கு மேல் சூடு வரும் என்று காட்டினார். இரும்பு உருக 1,538 டிகிரி போதும்.

ஆனால் அந்த வாயுவை அடக்கி வைக்க முடியவில்லை. கொஞ்சம் அழுத்தினாலே தானாக வெடிக்கும் குணம் அதற்கு. 1897இல் ஜார்ஜ் குளோது, ஆல்பர்ட் ஹெஸ் என்ற இருவரும் அதை அசிட்டோனில் கரைத்து வைக்க வழி கண்டார்கள். சிலிண்டருக்குள் பஞ்சு மாதிரித் துளையுள்ள பொருளை அடைத்து, அதில் ஊறவைக்கும் முறையும் வந்தது. இன்றைக்கும் அசெட்டிலின் சிலிண்டருக்குள் இருப்பது அதே ஏற்பாடுதான். (இந்த குளோதுதான் நியான் விளக்கையும் கொடுத்தவர். போரில் ஜெர்மானியர் பக்கம் சாய்ந்ததற்காகப் பிற்பாடு ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையிலும் இருந்தார். அறிவும் நல்ல புத்தியும் ஒரே மண்டையில் வாழ வேண்டும் என்று கட்டாயமில்லை.) எத்மோன் ஃபுஷே, சார்ல் பிக்கார் என்ற இருவர் 1903 வாக்கில் கையில் பிடிக்கிற டார்ச்சைத் தயார் செய்தார்கள். அதோடு உலை மனிதன் கைக்கு வந்துவிட்டது. உடைந்த இரும்பு இருக்கும் இடத்துக்கு நெருப்பு போகலாம்.

இதெல்லாம் பாரிஸில் நடந்த பெரிய மனிதர் கதை. முதலியார்பேட்டையில் நான் பார்த்தது வேறு. பட்டறை வாசலில் ஒரு தகர டிரம், அதற்குள் தண்ணீரில் கவிழ்ந்து மிதக்கும் இன்னொரு டிரம். உள்ளே கூடையில் கார்பைடு கல். ஒரு கிலோ கல்லுக்கு ஏறக்குறைய 300 லிட்டர் வாயு. வாயு சேரச் சேர மேல் டிரம் எழும்பும், எரிய எரியத் தாழும். பூண்டு அழுகின மாதிரி ஒரு நாற்றம் தெரு முழுக்க. அந்த நாற்றம் அசெட்டிலினுடையது அல்ல, கல்லில் கலந்திருக்கும் அழுக்கினுடையது. கோயில் திருவிழாவில் கேஸ் லைட் தூக்கிப் போனவர்களின் பக்கத்தில் நடந்தவர்களுக்கும், இரவில் தள்ளுவண்டியில் வேர்க்கடலை வாங்கித் தின்றவர்களுக்கும் இந்த வாசனை தெரியும். டிரம்மில் தங்கும் வெள்ளைச் சேறு சுண்ணாம்புதான். அக்கம்பக்கத்தில் பொங்கலுக்குச் சுவர் வெள்ளையடிக்க வாளியோடு வந்து கேட்டு வாங்கிப்போவார்கள். ஆக்சிஜன் மட்டும் சிலிண்டரில் வரும்.

அந்த டிரம் பக்கம் பீடி பற்றவைத்தால் மாமா கன்னத்தில் அறைந்துவிடுவார். வயது வித்தியாசமெல்லாம் பார்க்க மாட்டார். செம்புக் குழாயையும் அதில் பூட்டவிட மாட்டார். அசெட்டிலின் செம்போடு சேர்ந்தால் தட்டினாலே வெடிக்கிற ஒரு பொருள் உண்டாகும். இந்த இரசாயனத்தை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. மில்லில் இருந்த ஃபோர்மேன் சொன்னது, அவ்வளவுதான்.

மின்சார வெல்டிங்குக்கு வேறு வம்சாவளி. 1881இல் பாரிஸில் மெரித்தான் என்பவர் கரிக்குச்சி வைத்துப் பாட்டரிக்கான ஈயத் தகடுகளை ஒட்டினார். ருஷ்யாவிலிருந்து வந்திருந்த பெனார்டோஸ் அதை இரும்புக்குக் கொண்டுபோனார். சுவீடனில் ஷெல்பெர்க் குச்சிக்கு மேல்பூச்சுப் போட்டுக் காட்டினார். அந்தப் பூச்சு எரிந்து புகையாகி, உருகிய இரும்பைக் காற்று படாமல் மூடுகிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் எண்ணெய் ஊற்றிய டிரான்ஸ்பார்மர் பெட்டி வந்த பிறகுதான் கனமான வேலைகள் தொடங்கின. எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் என்று ராடுக்குப் பேர். ஐப்பசி கார்த்திகையில் ராடு ஈரம் குடித்துவிடும். ஈர ராடில் வைத்த வெல்டு பார்வைக்கு நன்றாக இருக்கும், உள்ளே பொத்தல். மழைக்காலத்தில் மாமா வீட்டு அடுப்பு மேடையில் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் ராடு கட்டு காய்ந்துகொண்டிருக்கும். அத்தை திட்டிக்கொண்டே திருப்பிப் போடுவார்.

நெருப்பு கைக்கு வந்த கதை இது. இரும்பு கைக்கு வந்தது இரண்டாம் உலகப் போரால்.

அந்தப் போரில் ஜீப் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஜீப்பை முதலில் வடிவமைத்துக் கொடுத்தது அமெரிக்காவில் பாண்டம் என்ற சின்னக் கம்பெனி. ஆனால் பெரிய ஆர்டர் வில்லிசுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. பாண்டம் கம்பெனிக்கு ஆறுதலாகக் கிடைத்தது ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சின்ன டிரெய்லர் செய்யும் வேலை. இரண்டு சக்கரம், கால் டன் சுமை, தண்ணீரில் விட்டால் மிதக்கும். எழுபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். வீட்டைக் கட்டியவனுக்குத் திண்ணை கிடைத்த கதை. ஆனால் உலகம் முழுக்கப் பட்டறைக்காரர்கள் காப்பியடித்தது அந்தத் திண்ணையைத்தான். தகரத் தொட்டி, அடியில் ஒரு அச்சு, முன்னால் முக்கோணமாக இரண்டு கை, முனையில் ஒரு வளையம். இன்றைக்கும் நம் ஊர் டிரெய்லருக்கு உருவம் இதுதான்.

போர் முடிந்ததும் ராணுவம் எல்லாவற்றையும் ஏலம் போட்டது. மணிலாவில் அந்த ஜீப்புகளை நீளமாக்கிப் பஸ்ஸாக்கினார்கள். அதுதான் ஜீப்னி. நம் பக்கத்தில் 'டிஸ்போசல்' என்று ஒரு சொல்லே வழக்கில் வந்தது. ஜீப்பும் டாட்ஜும் ஃபோர்டும் முதலில் ஓடின. ஓடி முடிந்த பிறகு காயலான் கடைக்கு வந்தன. காயல்பட்டினத்துக்காரர்கள் பழைய இரும்பு வியாபாரத்தில் இறங்கியதால் அந்தப் பெயர் என்பார்கள். புதுச்சேரிக்கு இன்னொரு வரும்படி உண்டு: வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பெழோ, சித்ரோயேன், ரெனோ கார்கள். உதிரி பாகம் கிடைக்காமல் நின்றுபோனவை. அவற்றின் சக்கரமும் அச்சும் எங்கெங்கோ மறுபிறவி எடுத்தன.

மறுபிறவி என்றேன். முதலில் எடுத்தது மாட்டு வண்டியாக.

பழைய மாட்டு வண்டிச் சக்கரம் ஒரு கலைதான், அதை மறுக்கவில்லை. தச்சர் ஆரக்கால் கோத்துக் கொடுப்பார். கொல்லர் இரும்புப் பட்டாவை வறட்டி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, விரிந்தவுடன் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார். சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பட்டா தார் ரோட்டைக் கிழித்துவிடும், மாட்டுக்கும் கடின இழுப்பு. டயர் வண்டி வந்ததும் அதே ஜோடி மாடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுமையை இழுத்தது. அந்த டயர் வண்டியின் அச்சு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் காயலான் கடையிலிருந்துதான். லாரியின் முன் அச்சை எடுத்து, திரும்பும் முனைகள் இரண்டையும் திரும்பாமல் பூட்டிவிட்டால் வண்டிக்கு அச்சு தயார். பேரிங், ஹப், டிஸ்க் எல்லாம் அதிலேயே இருக்கிறது. மேலே ஆங்கிளும் சேனலும் வைத்துச் சட்டம், அதற்கு மேலே பலகை.

'திரும்பாமல் பூட்டிவிட்டால்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நிறையப் பட்டறைகளில் அந்த முனையைச் சுற்றி ஒரு வெல்டு ஓட்டி அனுப்பிவிடுவார்கள். மாமா செய்ய மாட்டார். லாரியின் முன் அச்சு சாதாரண இரும்பு அல்ல. அடித்து உருவாக்கிய, கரி அதிகமுள்ள உருக்கு. அதில் சில்லென்ற நிலையில் வெல்டு வைத்தால் வெல்டு நிற்கும், பக்கத்தில் உள்ள இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஆறு மாதம் நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் பள்ளத்தில் இறங்கும்போது மயிரளவு விரிசல் முழு முறிவாகும். அதனால் அவர் வெளியே ஒரு கவ்வுத்தகடு செய்து, யூ போல்ட் போட்டு இறுக்குவார். ஸ்பிரிங் பட்டையிலும் அப்படித்தான். உடைந்த பட்டையை ஒட்டிக் கொடுங்கள் என்று யார் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். பக்கத்துப் பட்டறைக்காரர் ஐந்து ரூபாய்க்கு ஒட்டிக் கொடுப்பார். கூட்டம் அங்கேதான்.

காயலான் கடையில் எந்த இரும்பு எது என்று அவர் கண்டுபிடிக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கையில் எடுத்துச் சாணைக்கல்லில் ஒரு நொடி தொடுவார். தீப்பொறி நீளக் கோடாக, அதிகம் கிளை விடாமல் போனால் சாதாரண இரும்பு, தாராளமாக ஒட்டலாம். பொறி நிறைய வெடித்துக் கம்பி மத்தாப்பு மாதிரிச் சிதறினால் கரி அதிகமுள்ள உருக்கு, ஜாக்கிரதை. மங்கின சிவப்பாக, குட்டையாக விழுந்தால் வார்ப்பிரும்பு, அப்படியே வைத்துவிடு. மூன்று நொடியில் முடிகிற பரீட்சை. இந்த முறை பெரிய தொழிற்சாலைகளின் புத்தகங்களிலும் படத்தோடு இருக்கிறது என்று பின்னால் நான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மாமாவிடம் சொன்னபோது, "நல்லா பாத்து எழுதிருக்கானா?" என்று மட்டும் கேட்டார்.

துத்தநாகம் பூசிய பைப்பை ஒட்டினால் புகை வெள்ளையாக வரும். அன்று இரவு குளிர்காய்ச்சல் அடிக்கும். பட்டறைப் பையன்களுக்குப் பால் வாங்கிக் கொடுப்பார்கள். பாலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் பாலாவது கிடைத்தது. கண்ணாடி போடாமல் டாக் வைத்தவன் நடுராத்திரியில் கண்ணில் மணல் கொட்டிய மாதிரி எழுந்து உட்கார்ந்து அழுவான். உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்ணில் வைப்பார்கள். டீசல் டிரம்மை வெட்டும் வேலை வந்தால் மாமா முதலில் வாய்வரை தண்ணீர் நிரப்பச் சொல்வார். காலி டிரம் என்பது காலி அல்ல, ஆவி நிறைந்த டிரம். இந்த ஒரு வாக்கியம் தெரியாமல் செத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

டிராக்டர் பரவிய பிறகு டயர் வண்டி டிரெய்லர் ஆனது. இங்கேதான் எங்கள் குடும்பத்தில் என் உத்தியோகமும் மாமாவின் தொழிலும் முட்டிக்கொண்டன.

நான் அப்போது வண்டிகளைப் பதிவு செய்யும் பிரிவில் குமாஸ்தா. மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு, பழைய 1939 சட்டத்திலும் சரி, இப்போதுள்ள 1988 சட்டத்திலும் சரி. என்ஜினே இல்லாத டிரெய்லரும் 'மோட்டார் வாகனம்' என்பதற்குள் அடக்கம். மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படுவதோ இழுக்கப்பட இருப்பதோ எதுவானாலும் டிரெய்லர். ஆக, ஒரே டயர் வண்டி. காலையில் மாடு கட்டினால் மாட்டு வண்டி, யாரும் கேட்க முடியாது. மத்தியானம் ஏர்க்காலைக் கழற்றிக் கொக்கி வைத்து டிராக்டரில் மாட்டினால் மோட்டார் வாகனம். பதிவு வேண்டும், வரி வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். கிராமத்து ஆட்களுக்கு இதை விளக்கிச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சுகளை இங்கே எழுத முடியாது.

பதிவு விண்ணப்பத்தில் வரிசையாகக் கேள்விகள் இருக்கும். சிலிண்டர் எத்தனை? இல்லை. குதிரைச் சக்தி? இல்லை. என்ஜின் எண்? இல்லை. சேஸ் எண்? அப்புறம் 'தயாரிப்பாளர் பெயர்'.

1978இல் பாகூர் பக்கத்து விவசாயி ஒருவருக்கு மாமா கரும்பு டிரெய்லர் கட்டிக்கொடுத்தார். பழைய ஃபார்கோ லாரியின் அச்சு, புது சேனல், புதுத் தகடு. விண்ணப்பம் எங்கள் பிரிவுக்கு வந்தது. சொந்தக்காரர் வேலை என்பதால் அதை நான் தொடவில்லை, பக்கத்து மேசைக்காரர் பார்த்தார். தயாரிப்பாளர் என்ற இடத்தில் எல்லோரும் எழுதுகிற மாதிரி 'லோக்கல் மேட்' என்று எழுதிக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். மாமா அன்றைக்குக் கையில் கரியோடு நேரில் வந்திருந்தார். "லோக்கல்னா யாருங்க? நாந்தானே செஞ்சேன், எம் பேரப் போடுங்க" என்றார். பிற்பாடு ஏதாவது ஆனால் உங்கள் தலையில் விழும் என்று பக்கத்து மேசைக்காரர் நல்ல எண்ணத்தோடுதான் எடுத்துச் சொன்னார். "விழட்டும். பேரு போடலன்னா யார் தலைல விழும்?" என்று கேட்டார் மாமா. பெயர் ஏறியது. சேஸ் எண்ணாகத் தம் முதலெழுத்தும் 1 என்ற எண்ணும், எண் பஞ்சால் முன் சட்டத்தில் அடித்திருந்தார். அதற்குப் பிறகு மொத்தம் ஐந்து டிரெய்லர் கட்டினார். ஐந்திலும் பெயர்.

அது வெறும் வீம்பு என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டோம்.

நாலைந்து வருஷம் கழித்து அறுவடைச் சமயத்தில் வேறொரு பட்டறையில் செய்த டிரெய்லர் ஒன்று, கரும்புச் சுமையோடு ஏற்றத்தில் ஏறும்போது கொக்கி பிய்ந்து பின்னால் உருண்டது. சைக்கிளில் வந்த ஒரு பெரியவரும், கேரியரில் உட்கார்ந்திருந்த பேத்தியும். பெரியவர் அங்கேயே போய்விட்டார். பெண்ணுக்கு ஒரு கால் போனது. அந்தக் கோப்பின் நகலை நான் பார்த்தேன். தயாரிப்பாளர் பெயர்: லோக்கல் மேட். இன்சூரன்ஸ் டிராக்டருக்கு இருந்தது, டிரெய்லருக்கு இல்லை. அதிகச் சுமை ஏற்றியவர், கொக்கியை ஒட்டியவர், அதைப் பார்த்துச் சான்று கொடுத்தவர் என்று மூன்று பேர் கை பட்ட வண்டி. கடைசியில் கோர்ட்டில் நின்றவர் டிரைவர் மட்டும். அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயது. கூலிக்கு ஓட்டியவன்.

மாமா சேதி கேட்ட அன்று பட்டறையைச் சாத்தினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்த் தாம் கட்டிய ஐந்து டிரெய்லரையும் தேடிப் பார்த்தார். பாகூர், வில்லியனூர், திருக்கனூர் என்று நாலா பக்கமும் இருந்தன. ஒவ்வொன்றிலும் கொக்கி வெல்டை உப்புக்காகிதத்தால் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புத் தூள் பூசினார். விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் கொஞ்ச நேரத்தில் சுண்ணாம்பில் கோடாக ஊறித் தெரியும். இரண்டில் கோடு தெரிந்தது. அந்த இரண்டையும் சீசன் நடுவில் நிறுத்தச் சொல்லி, பட்டறைக்குக் கொண்டுவரச் செய்து, கொக்கியை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு வைத்தார். பக்கத்துக்கு ஒரு தாங்கு தகடும் சேர்த்தார். காசு வாங்கவில்லை. இரண்டு விவசாயிகளில் ஒருவர் வேலை கெட்டது என்று சண்டை போட்டுவிட்டுப் போனார், அதன்பிறகு வரவே இல்லை.

சுமையை எங்கே வைக்க வேண்டும் என்று டிரெய்லர் தொட்டியின் உட்பக்கத்தில் சிவப்புப் பெயின்டில் கோடு போடும் பழக்கமும் அதற்குப் பிறகுதான் அவருக்கு வந்தது. பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும், பத்தில் ஒரு பங்கு கொக்கியில் உட்கார வேண்டும். பின்னால் தள்ளி ஏற்றினால் கொக்கி மேலே தூக்கும், வண்டி வால் ஆட்டும். கோட்டை யாரும் மதித்ததாகத் தெரியவில்லை.

சட்டம் இந்த மாதிரி வண்டிகளை எப்படிப் பார்க்கிறது என்பது இன்னும் தீராத விஷயம். சென்னையில் மீன்பாடி வண்டி என்று மூன்று சக்கர வண்டி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய ஸ்கூட்டர் என்ஜினை வைத்துக் கட்டியது. மோட்டார் சைக்கிள் என்ஜினைவிட ஸ்கூட்டர் என்ஜினைத் தேடி வைப்பதற்குக் காரணம் உண்டு. அதற்குள்ளேயே விசிறி இருக்கிறது. சுமையோடு மெதுவாகப் போகும்போதும் என்ஜின் காயாது. அதைக் கண்டுபிடித்தவர் எந்த இன்ஜினீயரிங் கல்லூரியிலும் படித்தவர் அல்ல. வடக்கே 'ஜுகாட்' என்பார்கள், தண்ணீர் இறைக்கும் டீசல் என்ஜினை ஜீப் மாதிரிச் சட்டத்தில் ஏற்றி ஊரையே ஏற்றிக்கொண்டு போகும். அது மோட்டார் வாகனமே அல்ல என்று சிலர் வாதாடினார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம், அதுவும் மோட்டார் வாகனம்தான், சட்டம் முழுக்க அதற்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. வயிற்றுப்பிழைப்பைக் கெடுக்கிற தீர்ப்பு என்று நண்பர்கள் சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் கோப்பை நான் கையில் பிடித்திருக்கிறேன். அதே சமயம், பதிவு செய்ய வா என்று கூப்பிட்டுவிட்டு, வந்தவனுக்கு ஒரு கதவையும் திறந்து வைக்காத சட்டத்தின் மேலும் எனக்கு மரியாதை இல்லை. மீன்பாடிக்காரன் பெயர் போட ஆசைப்பட்டாலும் எந்தப் படிவத்தில் போடுவான்?

1988 சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. இது நம் ஊர் நோய் மட்டும் அல்ல. 1993இல் எமில் லெரே என்ற பிரெஞ்சுக்காரர் மொரோக்கோ பாலைவனத்தில், தான்தான் என்ற ஊருக்கு அப்பால், தம்முடைய சித்ரோயேன் தோ-ஷவோ காரின் சட்டம் உடைந்து மாட்டிக்கொண்டார். தொழிலில் எலெக்ட்ரீஷியன். வெல்டிங் இல்லை, துளை போடும் மிஷின் இல்லை. ரம்பமும் சுத்தியலும் ஸ்பேனரும்தான். பன்னிரண்டு நாள் உழைத்து அந்தக் காரையே பிரித்து ஒரு மோட்டார் சைக்கிள் ஆக்கி வெளியே வந்தார். அவரும் அந்த வண்டியும் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் படத்தோடு வந்தார்கள். வழியில் பிடித்த மொரோக்கோ போலீஸ் அவருக்கு அபராதம் போட்டதாகவும் எழுதினார்கள். காரணம், கையிலிருந்த புத்தகத்தில் கார் என்று இருக்கிறது, ஓட்டி வந்தது கார் அல்ல. இதைப் படித்த அன்று நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எந்த நாட்டில் உட்கார்ந்தாலும் குமாஸ்தா குமாஸ்தாதான்.

மாமாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அப்போது அவருக்குக் கண்புரை, படத்தைக் கிட்டத்தில் வைத்துத்தான் பார்க்க முடியும். ரொம்ப நேரம் பார்த்தார். "ஒத்தோஜேன் இல்லாமலா?" என்று கேட்டார். இல்லாமல்தான் என்றேன். "போல்ட்டுதான் நல்லது, கழட்டிப் பாக்கலாம்" என்றார்.

பாகூர் டிரெய்லர் 1996 வரை கரும்பு ஏற்றியது. பிறகு பலகையைப் பிரித்து மேலே தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். கோடையில் அது ஊருக்குள் தண்ணீர் கொண்டுபோவதை நான் பார்த்திருக்கிறேன். டயர் மாறியிருக்கிறது, தொட்டி மாறியிருக்கிறது, பெயின்ட் எத்தனையோ தடவை மாறியிருக்கிறது. முன் சட்டத்தில் பெயின்டைச் சுரண்டினால் எழுத்தும் எண்ணும் இன்னும் விரலுக்குத் தட்டுப்படும்.